நாலாவது விசிறி

மைனஸ் முப்பத்தொன்று.
லா புரோக்கரி தாண்டி, ஜல்லிச் சாலை முடிகிற இடத்தில்
ஜன்னலில்லாத நீளக் கட்டடம். உள்ளே
நாற்பத்திரண்டு தாய்ப்பன்றிகள், நானூற்றுச் சொச்சம் குருளைகள்.
நாய்க்கும் புலிக்கும் பன்றிக்கும் ஒரே சொல் என்று
இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தபோது
ஒரு பன்றியையும் நான் கிட்டப் பார்த்ததில்லை.

இரவு வேலை எனக்கும் ரொமெலுக்கும்.
காதுக்குள் ஆரஞ்சு நிற அடைப்பான், அதன்மேல் கவசம்.
கதவில் அறிவிப்பு: செவியைக் காத்துக்கொள்ளவும்.
பன்றிகளுக்குப் படிக்கத் தெரியாது.

எண்பத்தேழு டெசிபல் என்றது
மிருக வைத்தியர் ஹில்டெகார்ட் கொண்டுவந்த மீட்டர்.
நாலாவது விசிறிக்குக் கீழே தொண்ணூறைத் தொட்டது.
பேரிங் தேய்ந்து மூன்று மாதம்,
கிழிந்த தகரத்தை யாரோ தெருத்தெருவாக
இழுத்துக்கொண்டு போவதுபோல்.
முதலாளி டோர்க்சன் கேட்டார், ஓடுகிறதல்லவா?
ஓடுகிற விசிறியை யார் கழற்றுவார்?

அதிலும் நியாயம் உண்டு.
விசிறி நின்றால் சாணிக்குழியின் ஆவி மேலேறும்.
இரைச்சல்தான் இங்கே மூச்சு.

ஹில்டெகார்ட் என்னிடம் சொன்னது வேறு.
பால் இருபது விநாடிதான் இறங்கும்.
அதற்கு முன் தாய் உறுமுவாள், மெதுவாக,
பிறகு விரைவாக, மிக விரைவாக, அப்புறம் பால்.
அந்தத் தாளம் எட்டாத குட்டி
வெறும் காம்பைச் சப்பியபடி கிடக்கும்.
வாராவாரம் எடை போடுகிறவன் நான்.
நாலாவது விசிறியின் கீழ் வரிசை
எப்போதும் ஒரு கைப்பிடி குறைவு.
அங்கே தாய்களும் அப்படித்தான்:
வாளி உரசினால் துள்ளுகிறார்கள்,
கம்பியைக் கடிக்கிறார்கள்,
படுக்கப் போய், எழுந்து, மறுபடி படுக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி ஒன்பது, இரண்டு மணி பதினாறு.
மின்சாரம் போனது.

முதலில் விளக்கு. பிறகு விசிறிகள்,
ஒவ்வொன்றாய் இறக்கை தளர்ந்து.
நாலாவது கடைசியில், ஒரு நீண்ட கிறீச்சோடு.
ரொமெல் ஜெனரேட்டரிடம் ஓடினான்.
குளிரில் அது இருமியது, பிடிக்கவில்லை.
நான் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன்.

ம்.

பதினேழாம் கூண்டு.
கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த உம்.
இங்கே கதை சொல்கிறவளே கொட்டினாள்.
ம், ம்.
பதினெட்டு அதை எடுத்துக்கொண்டது. இருபது. எதிர் வரிசை.
வைக்கோல் இல்லாத தரையில் சின்னக் குளம்புகள்
தடதடவென்று இடம் பிடித்தன.
ம்ம்ம்ம்ம் என்று ஓடிய உறுமல் உச்சிக்குப் போய்
சட்டென்று தணிந்தபோது
நானூறு தொண்டைகள் விழுங்குவது கேட்டது.
உவமை தேடவில்லை. விழுங்குவது கேட்டது.

மூன்று வருடமாக
இவர்கள்தான் சத்தக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது.
பிடி, பிடி, என்றேன் ஜெனரேட்டரிடம்.
இன்னும் கொஞ்சம், என்றேன்
யாரிடம் என்று தெரியவில்லை.

பதினோராம் நிமிடம் பிடித்தது.
சுவர் அதிர்ந்து காற்று வந்தது, நல்ல காற்று.
பதினேழு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்;
விலா அசைவதில் தெரிந்தது.

ஸ்டைன்பாக்கில் கடை எட்டரைக்குத் திறக்கும்.
பேரிங் நாற்பத்தெட்டு டாலர், வரி தனி.
ரசீதை டோர்க்சன் இரண்டு முறை பார்த்தார்.
பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை,
ஆனால் நான் ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எண்பத்தொன்று. அதுவும் இரைச்சல்தான்.
எடை ஞாயிற்றுக்கிழமை.

வேலை முடிந்து காரில் உட்கார்ந்திருக்கிறேன்,
ஹீட்டர் போடாமல். அதிலும் ஒரு விசிறி இருக்கிறது.
கண்ணாடியில் பனி பூத்துவிட்டது.
பைத்தியமா உனக்கு என்கிறான் ரொமெல்,
பல் கிட்டித்து.
ம், என்கிறேன்.